மிஷினுக்கு அருள் வந்த நாள்

வெயில் அதிகமாக இருக்கிறது, வேலை செய்யவேண்டாம், சும்மா இருங்கள் என்று இந்த மலையில் யாராவது யாருக்காவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? போன சித்திரையில் எங்கள் பவர்ஹவுஸுக்குச் சொன்னார்கள். புதுவருஷ லீவு. கொழும்பில் ஃபெக்டரியெல்லாம் பூட்டு, ஆபீஸ் கந்தோரெல்லாம் பூட்டு, கரண்டைச் செலவழிக்க ஆளில்லை. ஆனால் ஊர் முழுக்கக் கூரைக்குக் கூரை சோலார் தகடு, வெயிலோ கொளுத்துகிறது. தேவைக்கு மேல் கரண்டு சேர்ந்தாலும் நாட்டுக்கு ஆபத்துதான். அதனால் எங்களைப் போன்ற சின்ன நீர்மின் நிலையங்கள் பகலில் ஓடக்கூடாது என்று உத்தரவு. இதைச் சொல்ல, என்னோடு வேலைக்குச் சேர்ந்து இப்போது என் இடத்தில் மிஷின் பார்க்கிற சிங்களத்து நிமல் காலையிலேயே எனக்குப் போன் எடுத்தார்.

"பரமு அக்கே, கொழும்புல சொல்றாங்க வெயில் கூடவாம். மிஷின் நிப்பாட்டச் சொல்றாங்க."

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி மூக்கு வழியாக வந்துவிட்டது. மழை பொய்த்தால் எண்ணெய்க் கப்பலை எதிர்பார்த்து, மணித்தியாலக் கணக்காய் இருட்டில் உட்கார்ந்திருந்த நாடு இது. அந்த நாடு இன்றைக்குச் சாப்பாட்டு இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு போதும் போதும் என்கிறது. பென்ஷன் எடுத்தவள் என்ற மரியாதையையும் மறந்து நான் அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பழக்கம்தான்.

என்னுடைய பிரியாவிடைக் கூட்டத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள், "அக்கா, உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒன்ன சொல்லுங்க" என்று கேட்டார்கள். அன்றைக்குக் கேக்கை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். நிமலின் போன் வந்த பிறகு வாய் திறந்துகொண்டது. அதனால் எழுதுகிறேன்.

மலையகத்தில் நோர்வூட்டிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். நான் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் சூடு, ஈரம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். ஆற்றை மறித்துச் சின்னதாக ஒரு மின் நிலையம் கட்டப்போகிறார்கள், இயக்குநர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் இன்றைக்கும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் வேறொரு நிலையத்தில் வேடிக்கை, அதற்குப் பிறகு நேரே நடராசா சேரின் கையில் மாட்டிக்கொண்டேன்.

நடராசா சேர் யாழ்ப்பாணத்து எஞ்சினியர். எங்கள் குளிருக்கு அவர் கடைசி வரை பழகவில்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர், அதற்கு மேலே காதை மூடுகிற மங்கி கெப், கையில் குடை. அந்தக் கோலத்தில் அவர் படியிறங்கி வந்தால் சிரிப்பு வரும். வாயைத் திறந்தால் சிரிப்பு போய்விடும். மிஷினை ஓடவிடுவதற்கு முன் சரிபார்க்கவேண்டியவற்றை இரண்டு பக்கமாகத் தட்டச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். எண்ணெய் மட்டம், மிஷினின் சூடு, குழாயின் அழுத்தம், மேலே தொட்டியில் தண்ணீர், தடுப்பணைக் கம்பிவலையில் குப்பை. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, சத்தமாக வாசித்து, நேரில் போய்ப் பார்த்து, திரும்பி வந்து "சரி" சொல்லவேண்டும். பார்க்காமல் "சரி" சொன்னால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"முதலாம் பக்கத்திலயிருந்து திரும்ப வாசியும்" என்பார். கோபம் கிடையாது, சத்தம் கிடையாது. அந்த ஒரு வசனம்தான். பாதி வழியில் மறந்துபோய் நானும் நிமலும் அந்த முதலாம் பக்கத்துக்கு எத்தனை தரம் திரும்பியிருப்போம் என்று அந்தச் சுவருக்குத்தான் தெரியும். நிமல் தடுப்பணைக் காவல். அவர் மேலே குப்பை அள்ளுவார், நான் கீழே ஊசி பார்ப்பேன்.

ஊசி என்றேனே, அதுதான் எங்கள் தொழிலின் உயிர். நாடு முழுக்க ஓடுகிற கரண்டுக்கு ஒரு துடிப்பு இருக்கிறது. எங்கள் மிஷினும் அதே துடிப்புக்கு வந்த பிறகுதான் இரண்டையும் இணைக்கலாம். அதைக் காட்டக் கடிகார முகம் போல ஒன்று, அதில் ஒரே ஒரு ஊசி. ஊசி மெதுவாகச் சுற்றிச்சுற்றி வரும். உச்சியைத் தொடுவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால் சுவிட்சைத் திருப்பவேண்டும். முந்தினால் கட்டடமே அதிரும், பிந்தினாலும் அதிரும். சரியாகப் பிடித்தால் ஒரு சின்ன "டக்". அவ்வளவுதான். முதல் தரம் அந்த "டக்" கேட்டபோது நான் அழுதுவிட்டேன். சேர் தன் கைலேஞ்சியைத் தந்துவிட்டு, "அழுறதெண்டா மீட்டரைப் பாத்துக்கொண்டு அழும்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. நுவரெலியாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய், ஹோட்டல் வாசலில் தொங்கிய சரவிளக்கைக் காட்டி, "அதுல பாதி என்னோடது" என்று சொன்னேன். சேரிடம் இதைச் சொன்னபோது, "பெரிய நீர்த்தேக்கத்தின்ர கரண்டு, எண்ணெயில வாற கரண்டு, உம்மட கரண்டு எல்லாம் ஒரே கம்பியில கலந்திட்டுது. கலந்தபிறகு எது ஆருடையது எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது" என்றார். சொல்லேலாது என்றால் என்னுடையது இல்லை என்றும் சொல்லேலாதுதானே என்றேன். அன்றைக்கு அவர் சிரித்தார். மங்கி கெப் ஆடியதை நான் பார்த்தேன்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைவீடுகளில், இருக்கிற ஆட்களுக்கு எங்கள்மேல் ஒரே கேலி. வெளியே மின்கம்பியில் கரண்டு போனால் எங்கள் மிஷினும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரை எங்கள் கரண்டு அடித்துவிடக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருந்தார்கள். ஆக, ஊர் இருண்டால் பவர்ஹவுஸும் இருட்டு. கரண்டு செய்கிறவள் வீட்டில் குப்பி லாம்பு என்று சின்னப் பிள்ளைகள்கூடப் பாட்டுக் கட்டினார்கள். நானும் சேர்ந்து பாடினேன். வேறென்ன செய்வது?

இனி வருவதுதான் பெரிய கதை. நிலையம் கட்டி முடிந்து, கொஞ்ச நாள் பழக்கத்துக்கு ஓட்டிப் பார்த்த பிறகு பரீட்சை ஓட்டம் வைத்தார்கள். மூன்று நாள் மிஷின் எங்கள் பிழையால் ஒரு நிமிஷமும் நிற்காமல் ஓடவேண்டும். வெளிக்கம்பியில் கரண்டு போனால் அது எங்கள் கணக்கில் சேராது. ஆனால் கரண்டு திரும்பி வந்ததும் முறைப்படி சரிபார்த்து இணைத்துவிடவேண்டும். ஓடி முடித்தால் நிலையம் பாஸ், நிமலுக்கும் எனக்கும் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் நாங்கள் வீட்டுக்கு.

ஆற்றுத் தண்ணீர் மிஷினுக்கு மட்டுமே காணும், மிஞ்சாது என்ற காலம் அது. சேர் மழைக்கணக்கைப் பார்த்து நாள் குறித்தார். அதே நேரம் கோயில் தலைவர், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் ஊருக்கு வருகிற நாளைப் பார்த்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்தார். பரீட்சை முடிகிற மூன்றாம் நாளும் திருவிழாவின் முதல் நாளும் ஒன்றாகிப்போனது. கோயில் தலைவர் வேறு யாருமில்லை, என்னைத் தூக்கி வளர்த்த என் சொந்த அண்ணன் வேலாயுதம்.

திருவிழாவின் முதல் சடங்கு கரகம் பாலிப்பது. ஆற்றங்கரையில் குடத்தை வேப்பிலையும் பூவும் வைத்து ஜோடித்து, ஓடுகிற தண்ணீரில் நிரப்பி, அம்மனை அதில் அழைத்து, தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். எங்கள் தோட்டத்தில் அது கரகக்கல் என்ற பாறையடியில்தான் காலங்காலமாக நடக்கும். அந்தக் கல் தடுப்பணைக்குச் சற்றுக் கீழே. தடுப்பணையிலிருந்து தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாகப் போய், குழாயில் இறங்கி, பவர்ஹவுஸில் மிஷினைச் சுற்றிவிட்டு அதற்கப்புறம்தான் ஆற்றில் சேரும். இடையில் ஆறு வெறும் கல்லும் மணலும். மீனுக்கும் தவளைக்கும் என்று சட்டப்படி ஒரு சின்னக் குழாயால் கொஞ்சம் விட்டோம். அது பாறைக்கு அடியில் ஒளிந்துகொண்டு போனது. மீனுக்குக் காணும், அம்மனுக்குக் காணாது. இதை நிலையம் கட்டும்போது ஊரில் ஒரு ஆள்கூட யோசிக்கவில்லை. ஆற்றை எடுத்தால் ஆறு இருக்காது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் பவர்ஹவுஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"கரகக்கல்லுல தண்ணி ஓடணும். ஓடலேன்னா, தங்கச்சி, நீ இந்த வேலையில இருக்கக் கூடாது. அம்மா தண்ணிய மறிச்சவ வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

"மெஷினை நிப்பாட்டேலாது" என்றார் சேர். "நிப்பாட்டினா இவவுக்கு வேலை இல்லை."

ஆக, ஓடினாலும் என் வேலை போகும், நின்றாலும் என் வேலை போகும். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் சிரித்தேன். எனக்குப் பயம் வந்தால் சிரிப்புத்தான் வரும், பிறவிக் குணம்.

"அண்ணே, பவர்ஹவுஸ் வாசல்ல தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுதே. அங்க பாலிக்கலாமே?"

அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அந்தத் தண்ணியா? கரண்டெல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு விடுறீங்களே, அதுவா? ரெண்டாந்தரம் ஊத்துன தேயிலைச் சாயத்துல அம்மாவுக்குக் கரகமா?"

தேயிலைக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. தண்ணீரிலிருந்து சத்தைப் பிழிந்துதான் கரண்டு எடுக்கிறோம், வெளியே வருவது சக்கைத் தண்ணீர் என்று தோட்டமே நம்பியிருக்கிறது! சேர் பொறுமையாக ஒரு தம்ளரில் மேல் தண்ணீரும் இன்னொரு தம்ளரில் கீழ் தண்ணீரும் எடுத்துவைத்து விளங்கப்படுத்தினார். விழுகிற வேகத்தை மட்டும்தான் எடுக்கிறோம், தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்றார். அண்ணன் இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டு, "கீழது சப்புன்னு இருக்கு" என்றார்.

கடைசியில் பூசாரி ஒரு வழி சொன்னார். கரகத்தைப் பவர்ஹவுஸ் வாசலுக்குக் கொண்டுவந்து அம்மனிடமே உத்தரவு கேட்போம். கரகம் தூக்குகிறவருக்கு அங்கே அருள் வந்தால் அந்தத் தண்ணீர் சரி. வராவிட்டால் நான் வேலையை விடவேண்டும். அண்ணன் சம்மதித்தார். நானும் சம்மதித்தேன். சேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம். மிஷின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பரீட்சை முடியப்போகிறது. வெளியே தப்பும் உறுமியும் முழங்க, மஞ்சள் உடுத்தி முழுத் தோட்டமும் எங்கள் வாசலில். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கரகம் தூக்குகிற மாமா தண்ணீருக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நிற்கிறார். பூசாரி உடுக்கை அடித்து வர்ணித்துக் கூப்பிடுகிறார். ஒன்றுமில்லை. இன்னும் உரக்கக் கூப்பிடுகிறார். மாமா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

தூரத்து மலையில் ஒரு இடி. அடுத்த நொடி வெளிக்கம்பியில் கரண்டு போனது.

கரண்டை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போனால் மிஷினுக்குச் சுமை இல்லை. தண்ணீரை மறிக்கிற தகடு முழுதாக விழும்வரை அது தறிகெட்ட வேகத்தில் சுற்றும். அப்போது ஒரு ஓலம் கிளம்பும் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து ஏறி உச்சிக்குப் போகும். கட்டடம் நடுங்க, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்க, அந்த ஓலம் வெளியே பாய்ந்தது. மாமா இருந்த இடத்திலிருந்து துள்ளினார். பூசாரி துள்ளினார். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ கத்தினார்கள்: "மிஷினுக்கே அருள் வந்துருச்சுடோய்!"

நான் இருட்டில் சுவிட்சுப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. மிஷின் அடங்கியது. அடங்கவும், வாசலில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் மெலிந்து, வடிந்து, நின்றுபோனது. குடத்தை நனைக்கக்கூட இல்லை. வெளியே மேளமும் நின்றது. அண்ணன் குரல் மட்டும் கேட்டது: "பாத்தீங்களா? இந்தத் தண்ணி வேணாமுன்னுட்டா!"

என் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மேலேயிருந்து நிமல் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "வத்துர எனவா! தண்ணி வருது! கரகக்கல்லுக்குத் தண்ணி வருது!" வரவேண்டியதுதானே? மிஷின் குடிக்காத தண்ணீர் வாய்க்காலில் தேங்கி, தடுப்பணையைத் தாண்டி, பழைய ஆற்றிலேயே இறங்கிவிட்டது. முழுத் தோட்டமும் மேளத்தோடு மேலே ஓடியது. அண்ணன் முன்னால் ஓடினார். அந்த வயதில் அப்படியொரு ஓட்டம்!

கட்டுப்பாட்டு அறையில் சேரும் நானும் மட்டும். மேலே மேளம் மறுபடி தொடங்கியது. கரகம் ஜோடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அடியைக் கேட்டே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பளிச்சென்று விளக்கு எரிந்தது. கரண்டு வந்துவிட்டது.

இப்போது இணைக்கவேண்டும். அதுதான் விதி. இணைத்தால் மிஷின் தண்ணீரை இழுக்கும், சற்று நேரத்தில் கரகக்கல் காய்ந்துவிடும், அம்மன் பாதியில் நிற்பாள். என் கை சுவிட்சில். சேரைப் பார்த்தேன். அவர் மங்கி கெப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். அதைக் கழற்றி அதுவரை நான் பார்த்ததே இல்லை. நெற்றியில் காலையில் பூசிய திருநீறு அப்படியே இருந்தது.

"பரமேஸ்வரி, மெஷின் சும்மா நிக்கேல்லை. ஓலம் வைச்சு நிண்டிருக்கு. கவனமாப் பாக்கவேணும்."

"சரிங்க சேர்."

"முதலாம் பக்கத்திலயிருந்து வாசியும்."

வாசித்தேன். எண்ணெய் மட்டம் என்று வாசித்து, போய்ப் பார்த்து வந்தேன். "வெளிச்சம் காணாது, டோர்ச் கொண்டுபோய்ப் பாரும்" என்றார். போனேன். சூடு என்று வாசித்தேன். புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளங்கையாலும் பார்க்கச் சொன்னார். குழாயின் அழுத்தம் என்று வாசிக்கும்போது மேலே உடுக்கைச் சத்தம் ஏறியது. சேர் காதைச் சாய்த்துக் கேட்டார். "நீர் அந்தச் சொல்லை விழுங்கிப்போட்டீர். திரும்ப வாசியும்." நான் விழுங்கவில்லை. திரும்ப வாசித்தேன். ஒரு விதியையும் அந்த மனுஷன் தாண்டவில்லை. ஒவ்வொரு விதிக்குள்ளேயும் போய் ஆறுதலாக உட்கார்ந்து எழுந்து வந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் செய்தேன்.

இரண்டாம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தபோது மேலே குலவைச் சத்தம் மலையைப் பிளந்தது. மேளத்தின் அடி மாறியது. கரகம் தலைக்கு ஏறிவிட்டது, நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சேர் கெப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். "இப்ப ஊசியைப் பாரும்."

தண்ணீரைத் திறந்து மிஷினை எழுப்பினேன். ஊசி மெதுவாகச் சுற்றி வந்தது. ஒரு மூச்சு முன்னால் திருப்பினேன். "டக்".

பரீட்சை பாஸ். மறுநாள் அண்ணன் ஒரு தட்டு நிறையப் பொங்கலும் மாவிளக்கும் கொண்டுவந்து சேரின் கையில் கொடுத்து, "அய்யா, மிஷின் நல்ல மிஷினுங்க" என்றார். என் வீட்டில் கை நனைத்தார், இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினார். நான் சேரிடம் கேட்டேன்:

"சேர், நேத்து வேணுமின்னுதானே மெதுவா வாசிக்கச் சொன்னீங்க?"

"முதலாம் பக்கத்தில முதல் வரி என்ன?"

"அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும்."

"பிறகென்ன கேள்வி?" என்று பொங்கலைச் சாப்பிட்டார்.

அடுத்த வருஷத்திலிருந்து கரகத்துக்கென்று முன்கூட்டியே அனுமதி கேட்டு மிஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் சுவிட்சுக்கு முன்னால் நின்றது நான்தான். யாரிடமும் விட எனக்கு மனம் வரவில்லை. ஆக, என் சர்வீஸ் முழுக்கக் கரகம் பாலிப்பதை நான் காதால் மட்டும்தான் பார்த்தேன்.

போன சித்திரையில்தான் முதல் தரம் கண்ணால் பார்க்கப் போனேன். வெயிலுக்கு நன்றி, பகல் முழுக்க மிஷின் நின்றதால் ஆறு தாராளமாக ஓடியது. தனியாக அனுமதி கேட்கும் வேலையும் இல்லை. கரகக்கல்லுக்குப் பக்கத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றேன். பக்கத்தில் அண்ணன், இப்போது கைத்தடியோடு. வழக்கம்போலத் திருவிழா நேரத்துக்குத் தொடங்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பூசாரி அப்போதுதான் உடுக்கையை எடுத்தார். இடுப்பில் போன் அடித்தது. நிமல்.

"அக்கே, வெயில் போச்சு. எல்லார் வீட்டிலயும் லைட் போடுறாங்க. கொழும்புல இப்ப மிஷின் போடச் சொல்றாங்க. அங்க கரகம் முடிஞ்சதா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, கழுத்து வரை பொத்தான் போட்ட மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

"நிமல், முதலாம் பக்கத்திலயிருந்து வாசியும்."

அந்தப் பக்கம் நிமல் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "ஹரி, சரி அக்கே. டோர்ச் எடுத்துட்டு போறேன்."

உடுக்கை ஏறியது. மாமாவின் மகன்தான் இப்போது கரகம் தூக்குகிறார். நிமல் இப்போது எந்த வரியில் நிற்பார் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் மட்டம். சூடு. அழுத்தம். குடம் நிரம்பியது. குலவை எழுந்தது, நானும் போட்டேன், ஆசை தீர, தொண்டை கிழியப் போட்டேன். கரகம் தலைக்கேறி மேட்டைத் தாண்டியது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆற்றில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் கணுக்காலைச் சுற்றி ஓடிய தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கியது. மேல் லயத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது.

"தண்ணி குறையுதே" என்றார் அண்ணன். "யாரும்மா எடுக்குறா?"

"நாடு எடுத்துக்குதுண்ணே."

அண்ணன் கைத்தடியை ஊன்றிக் கரையேறினார்.

"எடுத்துக்கட்டும். சத்து ஒண்ணும் கொறையாதுன்னு அன்னைக்கே அந்த அய்யா சொன்னாருல்ல."